நன்னாரிப் போத்தலில் பிடித்த பூஞ்சணம்

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருகோணமலைப் பட்டினத்தில், துறைமுகத்துக் கப்பல்கள் ஊதுவது வகுப்பறைக்குள்ளேயே கேட்கும் ஒரு பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்தேழு. கல்யாணமாகி ஒன்றரை வருடம். வாய் மட்டும் வயதைவிடப் பெரியது. இதை நானாகச் சொல்லவில்லை. என் கணவர் அப்போதும் சொன்னார், இப்போதும் சொல்கிறார். அந்த வாயால் ஒரு சனிக்கிழமை காலை, சனம் நிறைந்த சந்தையில் வைத்து ஒரு பெண்ணின் பேரைக் கெடுத்தேன். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பாணுக்கு வரிசை, சீனிக்குக் கூப்பன், வெளிநாட்டுச் சாமான் எதுவும் உள்ளே வராது என்றிருந்த காலம். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு விசர் பிடித்தது. பல்கலைக்கழகத்தில் படித்தபோது இழைய வளர்ப்பு என்ற ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருந்தேன். செடியின் தண்டில் கணுவோடு சேர்த்து நகத்தளவு துண்டை வெட்டி, சத்துகள் கலந்த கூழ்ப் போத்தலுக்குள் நட்டு மூடி வைப்பார்கள். மண் இல்லை, வெயில் இல்லை. சில கிழமைகளில் அந்த ஒரு துண்டிலிருந்து பல குருத்துகள் வரும். அவற்றைப் பிரித்து நட்டால் பல செடிகள். இதை நன்னாரியில் செய்து பார்க்க வேண்டுமென்று ஆசை வந்தது.

ஏன் நன்னாரி என்றால், கிளிவெட்டிப் பக்கத்துப் பற்றைகளில் தாராளமாகக் கிடந்த கொடி அது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரிமார் வேரோடு கிண்டிக் கிண்டி, தேடினாலும் கிடைக்காத நிலைக்கு வந்துகொண்டிருந்தது. வேர்தான் மருந்து. வேரை எடுத்தால் செடி ஏது? ஒரு வேரையும் தொடாமல் நூறு செடி எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று ஆசிரியர் அறையில் மேசையில் அடித்துச் சொன்னேன். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொன்னதுதான்.

அதிபர், ஆய்வுகூடத்தோடு ஒட்டியிருந்த சின்ன அறையின் பூட்டுத் திறப்பைத் தந்தார். உப்புகள் பாடசாலை அலுமாரியில் இருந்தன. வளர்ச்சி மருந்துக்குப் பதிலாகத் தேங்காய்த் தண்ணீர். உயிர்ச்சத்துக்கு மருந்துக்கடைக் குளிசையை இடித்துப் போட்டேன். சீனிக்கு எங்கள் வீட்டுக் கூப்பன். "என்ர தேத்தண்ணிச் சீனியை நன்னாரி குடிக்குது. கொடுத்து வைச்ச செடி" என்று என் கணவர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சொல்வார். பாவம் மனிசன், ஆனால் ஒருநாளும் தடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது கூழ். அதற்கு வேண்டிய அகார் என்ற பொடி கொழும்பிலேயே இல்லை. நான் விட்டேனா? எங்கள் குடாவிலேயே அகார் விளைகிறது. கிண்ணியாவில் முஸ்லிம் பெண்கள் ஆழமில்லாத கடலில் இறங்கிப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு வெளுக்க வைக்கும் கடற்பாசிதான் அது. நோன்பு காலத்தில் தேங்காய்ப் பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சி, கட்டியானதும் வெட்டிச் சாப்பிடுவார்கள். சந்தையில் அந்தப் பாசி விற்ற பெண்களில் ஒருவரிடம் நான் வாங்கினேன். நாற்பது வயதிருக்கும். முக்காடு நழுவவே நழுவாது. எல்லாரும் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. அவரது பனையோலைக் கடகத்தில் பாசி பஞ்சுபோல் வெள்ளையாக இருக்கும். ஒரு சிப்பித் துண்டு, ஒரு மணல் காண ஏலாது.

முதல் தடவை இருபத்துநான்கு ஜாம் போத்தல்கள். பிரஷர் குக்கரில் அவித்து ஆற வைத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் ஆய்வுகூடம் வெறுமையாக இருக்கும் என்பதால், நடும் வேலையை அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டேன். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் கழித்துவிட்ட, முன்பக்கம் திறந்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி வைத்து, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவிய நன்னாரித் துண்டுகளைச் சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து நட்டேன். ஐந்தாம் நாள் போத்தல்களைப் பார்த்தால் உள்ளே வெள்ளையும் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். இருபத்துநான்கிலும்!

அது கச்சான் காற்று வீசும் ஆடி மாதம். புழுதிதான் காரணம் என்று சன்னல்களை அடைத்து, ஈரச் சேலை தொங்கவிட்டேன். அறைக்குள் அடுப்பில் நிற்பதுபோல் வெக்கை. இரண்டாம் தடவையும் எல்லாம் பூஞ்சணம். மூன்றாம் தடவைக்கு முன் அம்மனிடம் நேர்ந்துகொண்டு, குக்கரில் இரண்டு மடங்கு நேரம் அவித்தேன். அதுவும் போயிற்று. ஆசிரியர் அறையில் ஒருவர், "டீச்சர், பூஞ்சணம் நல்லா வளக்கிறீங்கள். அதுக்கும் ஏதும் மருந்துக் குணம் இருக்கோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

நான் படித்தவள், பட்டதாரி. பிழை என்னிடம் இருக்குமா? தண்ணீர் கொதித்த தண்ணீர், போத்தல் அவித்த போத்தல், உப்பு போத்தலில் வந்த உப்பு. வெளியிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று, அந்தப் பாசி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அந்தக் கூட்டம்தான்.

அந்தச் சனிக்கிழமை நேரே சந்தைக்குப் போனேன். நோன்பு தொடங்க ஒரு மாதம்கூட இல்லை. பாசி விற்கும் பெண்கள் நான்கைந்து பேர் வரிசையாக இருந்தார்கள், வாங்கச் சனம் மொய்த்து நின்றது. ராத்தாவின் கடகத்துக்கு முன்னால் நின்று, வகுப்பில் கத்துகிற குரலில் சொன்னேன்: "ராத்தா, உங்கட பாசி ஊத்தை. நான் பெட்டிக்குள்ள வைச்சுப் பரிசோதிச்சுப் பாத்தனான். எழுபது போத்தலும் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு."

அவர் எழுந்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். நான் நிற்கவில்லை, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். மனம் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

புதன்கிழமை அவர் பாடசாலைக்கே வந்துவிட்டார். கிண்ணியாவிலிருந்து பட்டினத்துக்கு வருவதென்றால் அப்போது பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித் துறையைக் கடந்து, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். அப்படி வந்தவர், வாசல் காவலாளி மறிக்க மறிக்க ஆய்வுகூடக் கதவடியில் வந்து நின்றார். கையில் துணியால் கட்டிய ஒரு பொதி.

"டீச்சர், நீங்க சந்தையில கதைச்ச கதைக்குப் பிறகு என்ட கடகத்தில ஒருத்தரும் கை வெக்கல்ல. டீச்சரே பெட்டியில வெச்சுப் பாத்தவவாம், டீச்சர் பொய் சொல்லுவாவா எண்டு கேக்காங்க. நோன்புக்கு விக்காட்டி இந்தப் பாசிய நான் என்ன செய்ய? இவ்வளவு காலமும் என்ட பாசியக் காய்ச்சித்தான் எங்கட ஊர்ல நோன்பு திறக்காங்க. ஒரு புள்ளைக்கு வயித்து நோவு வந்ததெண்டு காட்டுங்க பாப்பம்."

நான் பரிசோதனை, நுண்ணுயிர் என்று ஏதோ விளக்கத் தொடங்கினேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

"விளக்கம் வேணாம். இந்தா கிடக்கு அதே பாசி. ஒரே பானையில காய்ச்சுவம். பாதிப் போத்தல் நீங்க போடுங்க, பாதிப் போத்தல் நான் போடுறன். எதுல பூஞ்சணம் புடிக்கிது எண்டு பாப்பம்."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்த எனக்கு இப்படி ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. சந்தையில் இருந்து வந்த ஒரு பெண் கதவடியில் நின்றபடி சொல்லித் தந்தார். ஆனால் அப்போது எனக்கு அது விளங்கவில்லை, கோபம்தான் வந்தது. சரி, இவ மூக்குடைபடட்டும் என்று, "வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்கோ" என்றேன்.

வந்தார். ஒரே பானையில் பாசியைக் காய்ச்சி வடித்தோம். ஒரே குக்கரில் பன்னிரண்டும் பன்னிரண்டுமாக அவித்தோம். என் போத்தல்களின் கழுத்தில் சிவப்பு நூல், அவருடையதில் வெள்ளை நூல். முதலில் நான் என் பன்னிரண்டையும் நட்டு முடித்தேன். பிறகு அவரது முறை. முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினார். முக்காட்டை இழுத்து நெற்றி மறையக் கட்டி, அதன் நுனியால் வாயையும் மூக்கையும் சுற்றிக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். பாசி ஊற்றும்போது மூச்சுப் பட்டால் கூழ் கெட்டுப்போகும், தங்கள் குசினியில் எல்லாரும் இப்படித்தான் என்றார். சாவணத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் போத்தலுக்குள் கை பழகிவிட்டது. ஈரப் பாசியில் நூல்நூலாகக் குப்பை பொறுக்கிய விரல்கள் அல்லவா, ஒரு நடுக்கம் இல்லை. என்னைவிட வேகமாக முடித்துவிட்டு, சலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்துதான் அந்த அறையைத் திறந்தோம். சிவப்பு நூல் கட்டிய பன்னிரண்டில் பத்தில் பூஞ்சணம், மிச்ச இரண்டில் துண்டு கருகிக் கிடந்தது. வெள்ளை நூலில் பதினொன்று பளிங்குபோல் தெளிவு, உள்ளே நன்னாரித் துண்டுகள் பச்சையாக நின்றன. அதே பாசி, அதே பானை, அதே குக்கர். வித்தியாசம் நானும் அவரும்தான்.

ராத்தா போத்தல்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கட தலையில என்ன டீச்சர்?"

"பூ."

"போன வெள்ளியும் இரிந்திச்சு. பூ வெச்ச ஒருத்தரையும் பாசி காய்ச்சக்குள்ள நான் கிட்ட எடுக்கமாட்டன். கூழுக்குள்ள கொட்டுண்டும்."

வெள்ளிக்கிழமைகளில் நான் காலையில் அம்மன் கோயிலுக்குப் போய், அங்கே வாங்கிய மல்லிகைச் சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டுதான் பாடசாலைக்கு வருவேன். பின்னேரம் அது வாடித் தொங்கும். அந்தத் தலையைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு போத்தலையும் திறந்திருக்கிறேன். அதைவிடக் கேவலம், மூன்றாம் தடவை நேர்த்தி வைத்தேன் என்றேனே, அன்றைக்கு வேலை பலிக்க வேண்டுமென்று வழமையைவிட ஒரு முழம் கூட வைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் கண்ணாடிக்கு உள்ளே நின்றவர்கள் தலையில் தொப்பி போட்டிருந்தார்கள். அதை நான் ஏதோ பெரிய இடத்துப் பகட்டு என்று நினைத்திருந்தேன்.

ஆனாலும் உடனே ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். சாமிக்கு வைத்த பூவில் ஊத்தையா என்று மனம் துள்ளியது. அவர் போனபின், மிச்சப் பாசியில் கூழ் காய்ச்சி, இரண்டு சின்னக் கிண்ணங்களில் அவித்து ஆற வைத்தேன். ஒன்றின் மேல் என் தலைப்பூவைக் கழற்றி உதறினேன். மெல்லிய தூசி விழுந்தது, கூடவே எள்ளைவிடச் சின்னதாக இரண்டு கறுப்புப் பூச்சிகள் ஓடின. மற்றதை அப்படியே மூடினேன். திங்கட்கிழமை வந்து பார்த்தேன். பூ உதறிய கிண்ணத்தில் பூஞ்சணம் பாய் விரித்திருந்தது. மற்றதில் ஒன்றுமில்லை.

கதிரையில் இருந்து அழுதேன். செடிக்காக இல்லை. இரண்டு சனிக்கிழமைச் சந்தைகள் அவருக்கு யாவாரம் இல்லாமல் போய்விட்டன. என் பிழைக்கு அவர் பேர் போயிற்று.

கிண்ணியாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பி, புதன்கிழமை பஸ் நிலையத்தடியில் காத்திருந்து அவரை அறைக்குக் கூட்டிவந்தேன். கிண்ணங்களைக் காட்டினேன். "பிழை என்னிலதான் ராத்தா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். கையைக்கூடப் பிடித்தேன். அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"ஏசினது நடுச் சந்தையில. மன்னிப்பு மட்டும் கதவச் சாத்திப்போட்டு மூலைக்குள்ளயா? எனக்கு உங்கட மன்னிப்பு வேணாம் டீச்சர். என்ட பேரத் தாங்க."

அவர் கேட்டதில் ஒரு சொல் பிழையில்லை. சனிக்கிழமை வருகிறேன் என்றேன். பார்ப்போம் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

இந்தக் கதை எப்படியோ அதிபரின் காதுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பாடசாலை மானம் என்று தொடங்கினால் நிறுத்தமாட்டார்.

"நீர் ஒரு ஆசிரியை. சந்தைக்குள்ள நிண்டு பாசி விக்கிறவவிட்ட மன்னிப்புக் கேக்கிறதோ? நாளைக்கு எந்தப் பிள்ளை உமக்குப் பயப்படும்?"

"பிள்ளையள் எனக்குப் பயப்பட வேண்டாம் சேர். நான் சொல்லுறதை நம்பினால் போதும்."

"வேணுமெண்டால் ஒரு கடிதம் எழுதி அவவிட்டக் குடும். ஆருக்கும் தெரிய வேண்டாம்."

"ஏசினது எல்லாருக்கும் தெரியும் சேர்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பிடியெண்டால் அந்த அறைத் திறப்பை மேசையில வைச்சிட்டுப் போம்" என்றார். என்னை மடக்கிவிட்டதாகத்தான் நினைத்திருப்பார், அந்த அறைக்காக நான் எவ்வளவு கெஞ்சியவள் என்பது அவருக்குத் தெரியும். பதினொரு போத்தலிலும் அப்போதுதான் கணுவில் குருத்து முளை தெரியத் தொடங்கியிருந்தது. திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன். "போத்தல் என்ர வீட்டுப் போத்தல் சேர், அதை மட்டும் எடுத்துக்கொண்டு போறன்" என்றேன். என் கணவர் துறைமுக வேலை முடிந்து சைக்கிளில் வந்தார். பதினொரு போத்தலையும் கடகத்தில் வைக்கோல் போட்டு அடுக்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அவர் ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை சந்தைக்குப் போனேன். இரண்டு தரம் திரும்பிப் போகப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராத்தாவின் பக்கத்துக் கடகங்களில் சனம் நின்றது, அவருக்கு முன்னால் ஒருவருமில்லை. அவர் என்னைக் கண்டார், எழும்பவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"இதே இடத்தில இந்த ராத்தான்ர பாசி ஊத்தை எண்டு சொன்னது நான்தான். அது பிழை. ஊத்தை வந்தது என்ர தலைப்பூவில இருந்து. நான்தான் பிழையாப் பரிசோதிச்சனான். இவவின்ர பாசி சுத்தம்."

மீன் வெட்டுகிற ஒருவர், "டீச்சர், என்ர மீனையும் ஒருக்காப் பரிசோதிச்சுச் சொல்லுங்கோவன்!" என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். காது இரண்டும் எரிந்தது. முடிந்தது என்று திரும்பினேன்.

"டீச்சர்" என்றார் ராத்தா. "சத்தம் காணாது. அண்டைக்குச் சந்தைட அந்தத் தொங்கல் வரைக்கும் கேட்டிச்சு."

கோபம் வந்தது எனக்கு, ஏன் பொய் சொல்ல வேண்டும்? இவ்வளவு இறங்கி வந்தும் இவவுக்குப் போதாதா என்று வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அது இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அவர் என்னைக் கேவலப்படுத்தக் கேட்கவில்லை. எடுத்ததை எடுத்த அளவுக்குத் திருப்பித் தா என்றுதான் கேட்டார். நான் வாழைக்குலைக் கடைப் பலகையில் ஏறி நின்று, முழுக் குரலில், கடைசித் தொங்கலில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்க, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

ராத்தா தலையை ஆட்டினார். "சரி. இனித் தள்ளி நில்லுங்க, வாற ஆக்களுக்கு மறைக்கிது" என்றார். நான் தள்ளி நின்றேன். ஒரு வயதான பெண் குனிந்து கடகத்துக்குள் கை விட்டு, பாசியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "எனக்கு ரெண்டு பிடி கட்டுங்க" என்றார்.

அறை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. காலுடைந்த கதிரைகளை அதற்குள் போட்டுப் பூட்டினார்கள். பதினொரு போத்தலும் என் குசினிச் சன்னலடியில் நின்றன. ஒன்பதில் குருத்துகள் பிரிந்தன. வேர் விட்டுச் சிரட்டை மண்ணில் தப்பிப் பிழைத்தவை பதினேழு. மேசையில் அடித்துச் சொன்ன நூறு வரவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு ராத்தா ஒருநாள் வந்து பார்த்தார். "இதுக்கா இவ்வளவு சண்ட?" என்று கேட்டுவிட்டு, சிரட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேர்ப் பக்கத்தைப் பார்த்தார். அடுத்த தடவை போத்தல் போடும்போது கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம், என் குசினியில் இருவரும் தலையை இறுக்கக் கட்டிக்கொண்டு சேர்ந்துதான் போத்தல் போட்டோம். என் கை பிசகினால் ஏசுவார். நானும் விடமாட்டேன்.

அந்த அறை போனதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அதிபர் சொன்னபடி ஒரு கடிதத்தோடு முடித்திருந்தால் அறையும் திறப்பும் என்னிடமே இருந்திருக்கும், ஆனால் உள்ளே முளைத்த ஒரு செடியைக்கூட என்னுடையது என்று வாய் திறந்து சொல்ல என்னால் முடிந்திருக்காது.